கால் தூங்குது என்று கத்தும், மச்சான்

பஞ்சுப் பொதிகளை ஒதுக்கி, தம்முடைய கிட்டங்கியையே நமக்கு இரங்கல் மண்டபமாக்கிக் கொடுத்து, தலைமை நாற்காலியிலும் அமர்ந்திருக்கும் காயல்பட்டணம் ஜனாப் செய்கு அப்துல் காதிர் அவர்களே! மறைந்த டாக்டரோடு அறுவைச் சாலையில் தோளோடு தோளாக நின்ற டாக்டரம்மா தேவமணி அவர்களே! பெற்ற மகனை மண்ணில் வைத்துவிட்டு, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் என் மச்சான் சூசை அவர்களே! துறைமுகத்து வள்ளக்காரர்களே, உப்பளத்துச் சகோதரிகளே, சங்கு குளிக்கும் குளியாட்களே, உள்ளே இடமில்லாமல் வாசலில் வெயில் தாங்கி நிற்கும் மகாசபையோரே! உங்கள் எல்லோருக்கும் தோணித் தண்டல் மரியானின் வணக்கம். இன்றைக்கு அது கண்ணீர் வணக்கம்.

தலைவர் அவர்கள் என் காதில், "மரியான், சுருக்கமாகப் பேசும்" என்றார்கள். கொழும்புக்குத் தோணி விட்டவனைப் பார்த்துச் சுருக்கமாகப் போ என்றால் எப்படிப் போவான்? காற்று விட்ட வழியில்தானே போக வேண்டும்! ஆனாலும் முயல்கிறேன்.

யார் போய்விட்டார்? டாக்டர் ஜேசுதாசன் போய்விட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவனை நிமிர்ந்து நடக்கவைத்தவர் போய்விட்டார். "காலை எடுத்தால்தான் உயிர் நிற்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, எடுத்து, உயிரை நிறுத்தியவர் போய்விட்டார். நாற்பது தாண்டிய வயது. அது சாகிற வயதா? நான் இருக்கிறேன், அறுபதைத் தாண்டியும் மலைபோல! எமனுக்குக் கண் இருந்தால் என்னை அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

அவர் எனக்கு மருமகன், என் தங்கை பெற்ற பிள்ளை. அவருக்கு நீச்சல் பழக்கியவன் நான். பட்டணத்து வைத்தியக் கலாசாலையில் படிக்கவைத்ததும் ஒரு வகையில் நான்தான். படிக்கவைத்தது மச்சான், ரயிலேற்றிவிட்டது நான். ரயிலேறாமல் படிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பிலும் பாதிதான். ஆனால் அந்த டாக்டர் எத்தனையோ முறை, "மாமா, உம்ம மூளை ஒரு காலேஜுவே" என்று சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொன்னது சொன்னதுதான்.

அவர் எப்படிப் போனார் என்பதை இந்தச் சபையில் திருத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள். அழுகிய கால் ஒன்றை எடுத்துவிட்டுத் தோலைச் சேர்த்துத் தைக்கும்போது, தையல் ஊசி அவர் விரலில் குத்தியது. கையில் ரப்பர் உறை இருந்தது. ஆனால் அது யுத்த காலத்து உறை. சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல் ஒட்டுப் போட்டுப் போட்டு, கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து மாட்டிக்கொண்டது. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். எங்கே முடிந்தது? அரிசிக்கு ரேஷன் முடிந்ததா? மண்ணெண்ணெய்க்கு முடிந்ததா? ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல உறை வந்ததா? குத்தின விரல் வீங்கி, கை வீங்கி, அக்குளில் கட்டி எழும்பி, ரத்தமே விஷமாகிப் போனார். பெனிசிலின் என்ற மருந்து பட்டணத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோதே உயிர் போய்விட்டது. மருந்து வந்து இறங்கிய வண்டியில்தான் பெட்டிக்கு வைக்கப் பூ வந்தது.

இதுதான் நடந்தது. ஆனால் டீக்கடையில் என்ன பேச்சு? என் காதால் கேட்டேன்.

"ஊசி போட்டவன ஊசியே தின்னுட்டு, பாத்தியாவே?"

"முதுகு எலும்புல குத்துனா சும்மா விடுமா? எத்தன பேரு முதுகுல குத்துனாரு! அந்தப் பாவம்லா!"

அடப்பாவிகளே! அவரைக் குத்தியது தையல் ஊசி. நீங்கள் பழிப்பது, அறுக்கும்போது வலி தெரியாமலிருக்கப் போடுகிற முதுகு ஊசி. அதுவும் ஊசி, இதுவும் ஊசி என்றால், வலை பின்னுகிற ஊசியும் ஊசிதானே, அதையும் கடலில் எறிந்துவிடுவீர்களா?

கடைக்காரன் பேசினால் காற்றோடு போகும். ஆனால் அடக்கத்தன்று கல்லறை வாசலில் என் மச்சான் சூசை சொன்னது காற்றோடு போகவில்லை. "அந்த முதுகு ஊசியளப் பூரா அள்ளிக் கடல்ல போடுங்க. எம் மவனத் தின்ன ஊசி இன்னொருத்தனத் தொடக்கூடாது" என்று சொன்னார். பெற்றவன் வயிறு எரிந்து சொன்ன சொல். யார் மறுப்பார்கள்? ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கும் தலைவரான நம் தலைவர் அவர்கள், ஊசியும் மருந்தும் இருக்கும் அலமாரியைப் பூட்டி, "டாக்டரைப் பெற்றவர் சொல்லுகிறபடி செய்வோம்" என்று சாவியை மச்சான் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அது இப்போது அவர் மடியில் இருக்கிறது.

சரி, பூட்டிக் கிடந்தால் என்ன? சொல்லுகிறேன். அதோ, தூணோரம் நிற்கிறாளே, இடுப்பில் பிள்ளையோடு, அவள் பெயர் பேச்சி. அவள் புருஷன் ஆவுடையப்பன். ஆற்றங்கரை வயற்காட்டிலிருந்து துறைமுகத்துக்குப் பொதி சுமக்க வந்தவன். முந்தாநாள் கப்பலுக்கும் வள்ளத்துக்கும் நடுவே கால் சிக்கி நசுங்கிவிட்டது. கால் கறுத்துக்கொண்டு வருகிறது. எடுத்தாக வேண்டும். குளோரோபாரம் கொடுத்துத் தூங்கவைத்து எடுக்கலாமே என்றால், அவன் நெஞ்சு பஞ்சுத்தூசி தின்ற நெஞ்சு. இருமினால் ரத்தம் வருகிறது. குளோரோபாரம் கொடுத்தால் தூங்குவான். எழும்ப மாட்டான். இதை டாக்டரம்மா சொல்லுகிறார்கள். முதுகு ஊசி ஒன்றுதான் வழி. ஊசி பூட்டிக் கிடக்கிறது. திறந்தாலும் பேச்சி சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். அவளும் டீக்கடைப் பேச்சைக் கேட்டிருக்கிறாளே!

ஆகவே மகாசபையோரே, இன்றைக்கு நாம் அழுவதற்கு மட்டும் கூடவில்லை. செத்த ஒருவருக்காகக் கூடியிருக்கிறோம். சாகக் கிடக்கும் ஒருவனும் இருக்கிறான். ஆகவே அந்த முதுகு ஊசியைப் பற்றி நான் பேசத்தான் வேண்டும். எனக்கு அது தெரியுமா? தெரியும்! டாக்டரம்மாவுக்கு அடுத்தபடியாக இந்த ஜில்லாவில் எனக்குத்தான் தெரியும்!

அந்த ஊசியால் யாரும் செத்ததில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பொய் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ? மீன் அளவில் சொல்லுவேன், கடல் ஆழத்தில் சொல்லுவேன், சாவில் சொல்ல மாட்டேன். ஒருத்தி செத்தாள். பெயர் சந்தனமாரி. உப்பளத்தில் வேலை. உப்புப் பாத்தியில் நின்று நின்று பாதம் புண்ணாகி, புண் எலும்பைப் பிடித்துவிட்டது. யுத்தம் தொடங்கிய காலம். டாக்டர் அவளுக்கு முதுகில் ஸ்டோவைன் என்ற மருந்தைப் போட்டார். கால் மரத்தது. ஆனால் நாடி விழுந்தது. நாடி விழுந்தால் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்த வேண்டும், ரத்தம் தலைக்குப் போகும் என்று படித்திருக்கிறார்கள். அப்படியே மேஜையைச் சாய்த்தார். ரத்தம் போயிற்றோ இல்லையோ, மருந்து போயிற்று. முதுகுத்தண்டின் நீருக்குள்ளேயே வழிந்து நெஞ்சுவரைக்கும் ஓடி, மூச்சை நிறுத்திவிட்டது. அவள் நெஞ்சை அமுக்கி அமுக்கித் தம் மூச்சே போகும்வரை பார்த்தார். வரவில்லை.

மறைத்தாரா? ஆஸ்பத்திரி ஆளை அனுப்பினாரா? அவரே நடந்து உப்பளத்துக் குடிசை வாசலில் போய் நின்று, "உங்க பிள்ள எங்கையில போயிட்டா. நோயில போகல. எங்கையில போயிட்டா" என்றார். அவளுடைய தகப்பன் மண்வெட்டியை ஓங்கிவிட்டான். டாக்டர் நகரவில்லை. மண்வெட்டி அவன் கையிலிருந்து தானாக விழுந்தது. மச்சான், அன்று உம் மகன் என் வீட்டுக்குத்தான் வந்தார். சாப்பிடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாமா, அந்த மருந்து ஏன் மேல போச்சு?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம்! அந்தக் கேள்விதான் அவரை ஆறேழு வருஷம் தூங்கவிடவில்லை.

முத்துக் குளிக்கும் சலாபத்திலே பதினெட்டுப் பாக ஆழம் இறங்கினவன் நான்... அதோ, குளியாள் சிலுவை சிரிக்கிறான். சரி, பத்துப் பாகம். அந்த அனுபவத்தில் நான் கேட்டேன்: "மருமகனே, அந்த மருந்து கனமா, லேசா? கல்லுல கால் வச்சவன் அடிக்குப் போவான். கல்ல விட்டவன் மேல வருவான். உம்ம மருந்து கல்லோட போகுதா, விட்டுட்டுப் போகுதா?" டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "அத வெள்ளக்காரன் புஸ்தகத்துல எழுதியே வச்சிருக்கான் மாமா. நாந்தான் கண்ணால பாக்கல" என்றார். ஆக, நானும் வெள்ளைக்காரனும் ஒரே முடிவுக்கு வந்திருந்தோம் என்று ஆகிறது.

மறுநாளே நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றை நட்டு, முதுகுத்தண்டில் இருக்கிற மாதிரி இளம் உப்புநீரை அதில் நிரப்பினார். ஒவ்வொரு மருந்திலும் துளி நீலச்சாயம் கலந்து உள்ளே விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்டோவைன் சர்க்கரைச் சத்து சேர்த்த மருந்து. குளுக்கோஸ் என்பார்கள். நம்ம கணக்கில் கருப்பட்டிதான், உடன்குடிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. பதநீரைத் தண்ணீரில் ஊற்றினால் எப்படி இறங்கும்? அப்படிக் கல் கட்டின மாதிரி அடிக்குப் போயிற்று. குழாயைச் சாய்த்தார். சாய்ந்த பக்கமெல்லாம் நீலம் ஓடியது. "இதான் மாமா சந்தனமாரி" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்து நோவோகைன். அது அடியிலும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி விட்ட இடத்திலேயே நின்றது. மூன்றாவது பெர்க்கைன். அதை நிறையத் தண்ணீரில் லேசாகக் கரைத்திருந்தார். எண்ணெய் மாதிரி மெல்ல மேலே ஏறியது! அதே பெர்க்கைனில் சர்க்கரைச் சத்து சேர்த்து விட்டார். அது கீழே இறங்கியது! பார்த்தீர்களா? மருந்து ஒன்று, குணம் இரண்டு.

அன்று முதல் மேஜையின் தலைமாட்டுக்குத் தச்சன் செய்த ஆப்புக்கட்டை வந்தது. கனமருந்து போட்டால் தலை உயரம். லேசு மருந்து போட்டால் தலை தாழ்வு. இந்தக் கட்டை மாறினால் ஆள் மாறும். மருந்தைப் போட்டுவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று டாக்டர் கேட்பார், டாக்டரம்மா திருப்பிச் சொல்லுவார்கள். சொல்லாமல் கத்தி எடுக்க மாட்டார். சின்ன மருந்துப் புட்டியில்கூடக் கனத்துக்கு ஒரு நிற நூல், லேசுக்கு ஒரு நிற நூல்.

குழாய் சொன்னது பாதி. மனுஷன் சொல்ல வேண்டியது மீதி. ஒவ்வொரு நோயாளியிடமும் பார்த்தார். ஆயிரம் பேரிடம்... டாக்டரம்மா முறைக்கிறார்கள், நூற்றுச் சொச்சம் பேரிடம் பார்த்தார். ஸ்டோவைன் சீக்கிரம் பிடிக்கும், காலைக் கட்டையாக்கிவிடும். ஆனால் நாடியை இழுத்துத் தள்ளும், குமட்டும், மறுநாள் மூத்திரம் போகாமல் அழவைக்கும். நோவோகைன் சாது. ஆனால் சாதுவுக்கே உரிய குறை அதற்கும் உண்டு, பாதியில் எழும்பிப் போய்விடும். ஒருவனுக்கு எலும்பு அறுக்கும்போதே போய்விட்டது. "டாக்டரே, யாரோ எங்கால அறுக்கான்!" என்று கத்தினான். அதுவும் யுத்தத்தில் கையிருப்பு தீர்ந்ததோடு அந்த மருந்து ஜெர்மனிக்காரனோடு நின்றுபோயிற்று. பெர்க்கைன் நின்று பிடிக்கும். அறுத்துத் தைத்துக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தின பிறகும் வலி வராது. ஆனால் அது குழம்புக்கு உப்பு மாதிரி. ஒரு சிட்டிகை கூடினால் குழம்பு போகாது, குடிக்கிறவன் போவான். அதை நம் தலைவர் அவர்கள்தான் கொழும்புக் கடையிலிருந்து தம்முடைய தோணியில் வரவழைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தோணியைப் புயலில் ஒற்றைக் கையால் கொண்டுவந்தவன்... சரி, அது வேறு கதை.

ஒரு நாள் கேட்டேன்: "மருமகனே, மூணுல எது நல்ல மருந்து?"

"நல்ல மருந்துன்னு ஒண்ணு கிடையாது மாமா. ஆளப் பாக்கணும், அறுக்கிற இடத்தப் பாக்கணும், எவ்வளவு நேரமாகும்னு பாக்கணும், மேச எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாக்கணும். எதப் போட்டாலும் தலமாட்டுல ஒருத்தன் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். அவன் புண்ணப் பாக்கக்கூடாது. மொகத்தத்தான் பாக்கணும்."

தலைமாட்டில் ஒருத்தன்! இதைப் புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை ஐயா, நம் கடல் சொல்லிக்கொடுத்தது. சிலுவை, நீ எழும்பு. எழும்பி நில்லுலே, வெட்கப்படாதே. எல்லோரும் பாருங்கள்! சங்கு குளிக்கிற இந்தச் சிலுவை, குடல் இறங்கிச் சிக்கிப் பச்சை நிறமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். மேஜைக்கு வந்தவன் படுக்க மாட்டேன் என்றான்.

"டாக்டரே, உம்ம மருந்துல நான் அடிக்குப் போறேன். யாரு கயிறு பிடிக்கா?"

"கயிறா? என்னலே சொல்லுத?"

"குளிக்க இறங்குனா எம் மச்சான் கயித்தான்தான் மேல கயிறு பிடிப்பான். மச்சான் இல்லாம நான் ஒரு நாளும் இறங்குனதில்ல. கயித்தான் வரணும்."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லுகிறேன். குளியாள் அடியில் இருக்கும்போது அவன் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில். அண்ணன் தம்பியை நம்ப மாட்டோம். பெண்டாட்டியின் உடன்பிறந்தானைத்தான் நம்புவோம். ஏன்? கயிற்றை விட்டால் அறுவது அவன் தங்கை தாலி அல்லவா!

வேறு டாக்டராக இருந்தால் விரட்டியிருப்பார். ஜேசுதாசன் என்ன சொன்னார்? "கூப்பிடு கயித்தான. ஆனா அவன் மேல சங்குச்சத நாத்தம்லா அடிக்கி! சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டாங்க" என்றார். கயித்தான் குளித்து, வெள்ளை அங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து மச்சான் கையைப் பிடித்தான். முதுகில் ஊசி போட்டாயிற்று. கொஞ்சம் பொறுத்து டாக்டர் குண்டூசியால் குத்திப் பார்த்தார்.

"குத்துதது தெரியுதாலே?"

"எங்க குத்துதீரு?"

"காலுல. காலு எப்படி இருக்கு?"

"காலா? காலு செத்துட்டு டாக்டரே."

கயித்தான் கடலில் என்ன செய்வான்? அடியில் இருக்கிறவன் கயிற்றை அசைத்துச் சொன்னதைத் தோணிக்குக் கத்திச் சொல்லுவான். முழுசாகச் சொன்னால் காற்று தின்றுவிடும், அதனால் கடைசி வார்த்தையை மட்டும் கத்துவான். அந்தப் பழக்கத்திலே ஜன்னல் பக்கம் திரும்பி, கடலே கேட்கும்படி கத்தினான்: "செத்துட்டூ!"

வெளியே சிலுவையின் பெண்டாட்டி ரோசம்மா. "ஐயோ, என் ராசா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆலந்தலையிலிருந்து வந்திருந்த உறவு முழுக்க மாரில் அடித்துக்கொண்டது. ஒருவன் கோயிலுக்கு ஓடித் துக்கமணி அடிக்கச் சொல்லிவிட்டான். பெட்டி செய்கிறவன் அளவெடுக்க வந்துவிட்டான் என்றுகூட நான் சொல்லுவதுண்டு, அதை நீங்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம். மணி அடித்தது நிஜம். வயிறு திறந்து கிடக்கிற சிலுவை அந்த மணியைக் கேட்டான்.

"யாருலே செத்தது?"

கயித்தான் சொன்னான்: "தெரியலையே மச்சான். நம்ம தெருவாத்தான் இருக்கும்."

சிரியுங்கள். டாக்டரும் அன்று முகமூடிக்குள்ளே சிரித்தார். பிறகு வெளியே வந்து, அழுதுகொண்டிருந்த ரோசம்மாவைக் கையோடு கூட்டிப்போய் ஜன்னல் வழியாகப் புருஷன் முகத்தைக் காட்டினார். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சட்டம் போட்டார். தலைமாட்டில் கயிறு பிடிக்க எப்போதும் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆனால் செத்துட்டு என்ற சொல் அந்த அறைக்குள் வரக்கூடாது. "கால் தூங்குதா" என்றுதான் கேட்க வேண்டும், "தூங்குது" என்றுதான் கத்த வேண்டும். அதிலிருந்து இந்த ஊரில் வெளியே நிற்கிற தாய்மார் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். "தூங்குது" என்று கேட்டால் அங்கே ஒரு பெருமூச்சு எழும் பாருங்கள், பாய் விரித்த தோணிக்குக் காற்று கிடைத்த மாதிரி!

அந்தச் சொல்லைக் கொடுத்தவர் தூங்கிவிட்டாரே! எழும்பாத தூக்கம் தூங்கிவிட்டாரே! காய்ச்சலில் கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கை பூசணி மாதிரி வீங்கி, நகம் கறுத்து, முகம் வற்றி... அந்த முகத்தை நான் வர்ணிக்க மாட்டேன். எதையும் வர்ணிக்கிறவன் நான், அதை வர்ணிக்க மாட்டேன். டாக்டரம்மா சொன்னார்கள், "தோளோடு எடுத்துவிடலாம்" என்று. விஷம் நெஞ்சுக்குப் போயாயிற்று, எடுத்துப் பிரயோசனமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். மச்சான், நீர் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தீர். அப்போது என்னைக் கூப்பிட்டார்.

"மாமா, ஊர் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். ஊசி மேல குத்தமில்ல. கிழிஞ்ச உற மேல குத்தம். அப்பாட்ட சொல்லணும்."

"நீரே சொல்லும்வே. நாளைக்கு எழும்பிச் சொல்லும்" என்றேன்.

"நீர்தான் மாமா நல்லா சொல்லுவீரு" என்றார். அதற்குப் பிறகு பேச்சு கலங்கிவிட்டது. எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கனமா லேசா, கட்டை எந்தப் பக்கம் என்று. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "தலை உயரம் டாக்டர், தலை உயரமாத்தான் வச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்படியே போய்விட்டார்.

அவர் இட்ட கட்டளையை நிறைவேற்றிவிட்டேன். அப்பாவிடம் சொல்லச் சொன்னார். ஊர் முன்னாலே சொல்லிவிட்டேன். ஆனால் மரியான் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்குத் தெரியாதா? "தண்டல் சொல்லுதான்" என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? பேச்சியைப் பாருங்கள், நான் இவ்வளவு பேசியும் அவள் முகம் மாறவில்லை. வாய்ச்சொல்லை நம்பிப் புருஷன் முதுகைக் கொடுப்பாளா? கொடுக்க மாட்டாள். நான் அவளாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

ஆகவே வாயால் அல்ல, வேறு ஒன்றால் சொல்லுகிறேன். என் இடுப்பில் இருக்கிறதே இந்த அகலப் பெல்ட்டு, இது கொழும்புக் கப்டன் எனக்குப் பரிசாகக் கொடுத்தது என்று உங்களில் பலருக்குச் சொல்லியிருப்பேன். இது குடல் தாங்குகிற பெல்ட்டு. சிலுவைக்கு இறங்கின மாதிரியே எனக்கும் இறங்கியிருக்கிறது. மருமகன் பல தடவை, "வாரும் மாமா, ஒரு மணி நேர வேலை" என்று கூப்பிட்டார். அவர் கையால் வாய்க்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்த கையால் வாய்க்கட்டும்.

நாளைக் காலையில் முதல் மேஜை எனக்கு! டாக்டரம்மா தேவமணி அவர்களே, உங்கள் கையால் என் முதுகில் ஊசி போடுங்கள். கனமோ லேசோ நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டையை மட்டும் சரியான பக்கம் வையுங்கள். பேச்சி, நீ ஜன்னலோரம் வந்து நில் தாயே. என்னைப் பார். நான் நிமிர்ந்து வெளியே வந்தால், அடுத்த மேஜை உன் புருஷனுக்கு. வராவிட்டால், அவனைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ, ஒருத்தரும் தடுக்க மாட்டார்கள்.

பயமா? எனக்கா? திமிங்கலத்தின் வாய்க்குள்... வேண்டாம். இன்றைக்கு அது வேண்டாம். பயம்தான். ஊசியை நினைத்தாலே முதுகு குளிருகிறது. ஆனால் குளிக்கிறவனுக்குப் பயமில்லாத நாள் உண்டா? கயிறு பிடிக்க ஆள் இருந்தால் பயத்தோடேயே இறங்கிவிடலாம்.

எனக்கு யார் கயிறு பிடிப்பது? மச்சான் சூசை அவர்களே, நாம் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். என் தங்கையை நீர் கட்டினீர். உம் தங்கையை நான் கட்டினேன். அதோ பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாளே, அவள் தாலிக்கு இந்த உலகத்தில் நீர் ஒருவர்தான் காவல். நீர்தான் என் தலைமாட்டில் உட்கார வேண்டும். புண்ணைப் பார்க்க வேண்டாம், என் முகத்தைப் பாரும், கையைப் பிடியும். உம் மகன் நின்ற அறை அது. உம் மகன் வைத்த கட்டை அது. உம் மகன் கொடுத்த சொல்லை உம் வாயால் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்துக் கத்தும்: "தூங்குது!" ஊர் கேட்கட்டும்.

அப்படி நடக்காமல், நான் அடியிலேயே நின்றுவிட்டால், அதையும் மறைக்க வேண்டாம் மச்சான். சந்தனமாரி வீட்டு வாசலில் உம் மகன் நின்ற மாதிரி, வெளியே வந்து நின்று உள்ளதைச் சொல்லும். ஆனால் ஊசியைக் கடலில் போடாதேயும். ஏன் அப்படியாயிற்று என்று கேளும். அந்தக் கேள்வியைக் கேட்க உம் மகன் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

சாவி உம் மடியில் இருக்கிறது. டாக்டரம்மா நாலு எட்டுத் தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் பேசி முடித்துவிட்டேன், தலைவர் அவர்களே. வழி விடுங்கள் ஐயா, கொஞ்சம் வழி விடுங்கள். மச்சான் சாவியோடு எழும்புகிறார். பார்த்து வாரும் மச்சான், பொதி தடுக்கும்.